லினக்ஸ் கணினியின் உள்ளமைந்த நினைவக அட்டை வாசிப்பான்: வழுக் கண்டறிதல்

கற்றல் பேறுகள்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்,
• நினைவக அட்டையிலுள்ள தரவு திரையை வந்தடையும் பாதையைப் படிமுறையாக விவரிப்பீர்கள்.
• அட்டை திறக்காதபோது வழு எப்படிமுறையில் உள்ளது என்பதைக் கட்டளைகள் மூலம் இனங்காண்பீர்கள்.
• அட்டையிலுள்ள தரவை இழக்காத வகையில் செயற்படுவீர்கள்.

குறிப்பு: கட்டளைகளின் பெயர்கள் இங்கு ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையச் சாளரத்தில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், எழுத்துகளுக்கிடையே புள்ளியோ இடைவெளியோ இன்றி இடுக.

1. அறிமுகம்: ஒரு பிரச்சினை

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக.

ஒரு பாடசாலையின் மாணவர் குழுவொன்று தமது செயற்றிட்டத்திற்காக ஊரிலுள்ள முதியோரைச் சந்தித்து, அவர்களது பேச்சைக் கமராவில் பதிவு செய்தது. பதிவுகள் யாவும் 64 கிகாபைற்று அட்டை ஒன்றில் உள்ளன. வேறு பிரதி இல்லை. பதிவு செய்யப்பட்ட முதியோரில் ஒருவர் பின்னர் காலமாகிவிட்டார்.

குழுவின் மாணவி ஒருத்தி அவ்வட்டையைக் கணினி ஆய்வுகூடத்தின் மடிகணினியில் செருகினாள். அதில் 2018 இல் வெளிவந்த உபுண்டு 18.04 நிறுவப்பட்டிருந்தது. அட்டையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி மட்டும் தோன்றியது. பின்னர் அதே அட்டையை யூ.எஸ்.பி. வாசிப்பான் ஒன்றின் மூலம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இட்டாள். அது, "இத்தட்டு ஃபோமற் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?" என்று வினவியது. அருகில் நின்ற தோழி, "ஓம் என்று குடு, சரி வரும்" என்றாள்.

அம்மாணவி என்ன செய்ய வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். இறுதியில் மீண்டும் இச்சந்தர்ப்பத்திற்கு வருவோம்.

2. தரவு செல்லும் பாதை

"அட்டை வேலை செய்யவில்லை" என்பது ஒரு வழுவின் பெயரன்று. அட்டையிலிருந்து திரை வரை தரவு ஐந்து படிகளைக் கடக்கின்றது. அவற்றுள் எது தடைப்பட்டாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: கோப்புகள் தோன்றவில்லை.

படி 1: அட்டையும் செருகு துளையும் (பௌதிகத் தொடுகை)
படி 2: வாசிப்பான் தாய்ப்பலகையின் பாட்டையில் தென்படல்
படி 3: வாசிப்பானுக்குரிய சாதனச் செலுத்தி
படி 4: அட்டை ஒரு சேமிப்புச் சாதனமாகத் தோன்றல்
படி 5: கோப்பு முறைமையை இனங்கண்டு, அதனை ஓர் அடைவில் ஏற்றுதல். இதனை மவுண்ட் செய்தல் என்பர்.

முதலாம் படியிலிருந்து வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஒரு படி சரியெனச் சான்று கிடைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஊகித்து நடுவில் ஏதேனும் ஒன்றை மாற்றினால், முன்னிருந்த வழுவுடன் புதியதொரு வழுவும் சேரும்.

3. படி 1: அட்டையும் துளையும்

எஸ்.டி. அட்டை 32 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் 2.1 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. மைக்ரோ எஸ்.டி. அட்டை 15 மில்லிமீற்றர் நீளமும் 11 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பொருத்தியின் உதவியுடன் பெரிய துளையில் இடப்படும். இரண்டும் கொள்ளளவின்படி பின்வருமாறு வகைப்படுத்தப்படும்.

• எஸ்.டி. (தொடக்க வகை): 2 கிகாபைற்று வரை. வழமையான கோப்பு முறைமை ஃபற் 16.
• எஸ்.டி.எச்.சி. (2006): 2 கிகாபைற்றுக்கு மேல் 32 கிகாபைற்று வரை. ஃபற் 32.
• எஸ்.டி.எக்ஸ்.சி. (2009): 32 கிகாபைற்றுக்கு மேல் 2 டெராபைற்று வரை. எக்ஸ்ஃபற்.

தொடக்க வகைக்காக மட்டும் ஆக்கப்பட்ட வாசிப்பான் எஸ்.டி.எச்.சி. அட்டையை வாசிக்காது. தொடக்க வகையில் ஒவ்வொரு பைற்றுக்கும் முகவரி வழங்கப்பட்டது. எஸ்.டி.எச்.சி. வகையில் 512 பைற்று கொண்ட தொகுதிக்கு ஒரு முகவரி வழங்கப்படுகின்றது. முகவரியிடும் முறையே வேறாகையால், அட்டை துளையில் பொருந்தினாலும் உரையாடல் நிகழாது.

இப்படியில் செய்ய வேண்டிய சோதனைகள்:
(அ) அட்டையை மீண்டும் கமராவில் இட்டுப் பார்த்தல். படங்கள் தெரியுமாயின் அட்டை நலம்.
(ஆ) நன்றாக இயங்குமெனத் தெரிந்த வேறோர் அட்டையை அதே வாசிப்பானில் இடல். அது திறக்குமாயின் வாசிப்பான் நலம்.
(இ) தொடுகைத் தகடுகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தல். வாயால் ஊதக் கூடாது. மூச்சிலுள்ள ஈரம் தகடுகளில் படியும்.

எஸ்.டி. அட்டையின் பக்கவாட்டிலுள்ள சிறு நழுவி எழுதற் காப்பு ஆகும். இது அட்டையினுள் உள்ள மின்சுற்றுடன் தொடர்புடையதன்று. வாசிப்பானே அதன் நிலையை உணர்ந்து பணிசெயல் முறைமைக்கு அறிவிக்கின்றது. எனவே அட்டை திறந்தும் அதில் எழுத முடியாவிடின் முதலில் இந்நழுவியைப் பார்க்க. மைக்ரோ எஸ்.டி. அட்டையில் நழுவி இல்லை. அதன் பொருத்தியில் உண்டு.

4. படி 2: வாசிப்பான் பாட்டையில் உள்ளதா?

மடிகணினிகளின் உள்ளமைந்த வாசிப்பான்கள் இரு வகையில் இணைக்கப்பட்டிருக்கும்.

• பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாட்டை வழியாக: எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையால் காணலாம்.
• உள்ளக யூ.எஸ்.பி. வழியாக: எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளையால் காணலாம்.

உங்கள் கணினி எவ்வகை எனத் தெரியாவிடின் இரு கட்டளைகளையும் இடுக. அட்டையைச் செருகிய நிலையிலேயே சோதிக்க வேண்டும். சில கணினிகளில் துளை வெறுமையாக இருக்கும்போது மின்சேமிப்புக்காக வாசிப்பான் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும்.

எமது உதாரண மடிகணினியில் எல்.எஸ்.பி.சி.ஐ. இட்டபோது, ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எஸ். 5229 பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டை வாசிப்பான் என்னும் வரி தோன்றியது. ஆகவே படி 2 சரி.

இரு பட்டியல்களிலும் வாசிப்பான் இல்லையெனின்:
(அ) கணினியை முற்றாக நிறுத்தி மீண்டும் இயக்குக. உறங்குநிலையிலிருந்து எழுந்த பின் வாசிப்பான் தோன்றாமற் போவது உண்டு.
(ஆ) பயோஸ் அமைப்புத் திரையில் வாசிப்பான் முடக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க.
(இ) அட்டையுடன் கணினியை இயக்கும்போது மட்டும் வாசிப்பான் தோன்றுமாயின், வழு மின்சேமிப்பைச் சார்ந்தது. பி.சி.ஐ. வகையாயின் பாட்டையை மீள வருடச் செய்யலாம். இதற்கு நிருவாகி உரிமையுடன் "சிஸ்" அடைவினுள் "பஸ்", அதனுள் "பி.சி.ஐ." என்னும் அடைவிலுள்ள "ரீஸ்கான்" கோப்பில் 1 என எழுத வேண்டும்.

5. படி 3: சாதனச் செலுத்தி

வன்பொருளுக்கும் பணிசெயல் முறைமையின் கருவான கேர்னலுக்கும் இடையே நின்று பேசும் மென்பொருள் சாதனச் செலுத்தி எனப்படும். லினக்ஸில் பெரும்பாலான செலுத்திகள் கேர்னலுடனேயே வருகின்றன. இறுவட்டிலிருந்து தனியே நிறுவ வேண்டியதில்லை. எனினும், கேர்னல் வன்பொருளைவிடப் பழையதாயின் உரிய செலுத்தி அதில் இல்லாதிருக்கலாம்.

ரியல்டெக் வாசிப்பான்கள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் பி.சி.ஐ. வகைக்குரிய ஆர்.டி.எஸ்.எக்ஸ். பி.சி.ஐ. என்னும் செலுத்தி 2013 இல் வெளியான கேர்னல் 3.8 இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய கேர்னல் உள்ள கணினியில், வாசிப்பான் பட்டியலில் தெரிந்தும் அட்டை திறவாதிருக்கலாம். அங்கு வழு வன்பொருளில் இல்லை. கேர்னலைப் புதுப்பித்தலே தீர்வு.

செலுத்தி உள்ளதா எனக் காண எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையின் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் கே என்னும் எழுத்தும் இடுக. ஒவ்வொரு சாதனத்தின் கீழும் பயன்பாட்டிலுள்ள செலுத்தியின் பெயர் காட்டப்படும். அவ்வரி இல்லையெனின் செலுத்தி இணையவில்லை என்பது பொருள். செலுத்தி கேர்னலில் இருந்தும் இணையாதிருப்பின் மொட்புரோப் கட்டளையால் அதனை ஏற்றலாம்.

6. படி 4: அட்டை சேமிப்புச் சாதனமாகத் தோன்றுகிறதா?

எல்.எஸ்.பி.எல்.கே. கட்டளை கணினியிலுள்ள சேமிப்புச் சாதனங்களையும் அவற்றின் பிரிவுகளையும் பட்டியலிடும். அட்டையின் பெயர் இரு வகையில் அமையலாம்.

• பி.சி.ஐ. வகை வாசிப்பானில்: பொதுவாக எம்.எம்.சி.பி.எல்.கே.0. அதன் முதற் பிரிவு எம்.எம்.சி.பி.எல்.கே.0பி1.
• வெளி வாசிப்பானைப் போல இயங்கும் யூ.எஸ்.பி. வகையில்: எஸ்.டி.பி. போன்ற பெயர். அதன் முதற் பிரிவு எஸ்.டி.பி.1.

கவனிக்க: வன்றட்டின் பெயரும் எஸ்.டி. எனத் தொடங்கலாம். பெயரை மட்டும் நம்பாது கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்க்க.

கொள்ளளவு பொதியில் அச்சிட்டதைவிடக் குறைவாகத் தோன்றும். அதனை வழுவெனக் கொள்ளற்க. உற்பத்தியாளர் 1 கிகாபைற்று என்பது 1 000 000 000 பைற்று எனக் கொள்வர். கட்டளையோ 1024 × 1024 × 1024 = 1 073 741 824 பைற்றை ஓர் அலகாகக் கொள்ளும். இது கிபிபைற்று எனப்படும்.

64 000 000 000 ÷ 1 073 741 824 = 59.6 (கிட்டத்தட்ட)

ஆகவே 64 கிகாபைற்று அட்டை சுமார் 59.6 எனத் தோன்றுவது சரியே.

பட்டியலில் அட்டை இல்லையெனின் கேர்னலின் செய்திகளை வாசிக்க வேண்டும். இதற்குரிய கட்டளை டி.மெசேஜ் ஆகும், அதனைச் சூடோ என்னும் சொல்லை முன்னே இட்டு இயக்குக. அட்டையைச் செருகிய உடனேயே இட்டால் உரிய செய்திகள் இறுதி வரிகளில் இருக்கும். முக்கியமான சில:

• புதிய அட்டை எனக் கூறி வகையைக் குறிப்பிடும் வரி: வாசிப்பானும் அட்டையும் உரையாடத் தொடங்கிவிட்டன.
• வழு எண் 110: குறித்த நேரத்தினுள் அட்டை பதிலளிக்கவில்லை. அழுக்கான தொடுகை, தளர்ந்த பொருத்தி, பழுதடைந்த அட்டை என்பன காரணமாகலாம்.
• வழு எண் 84: தரவு வந்தது, ஆனால் சரிபார்ப்புக் கூட்டல் பொருந்தவில்லை. இதுவும் பெரும்பாலும் தொடுகை அல்லது அட்டையின் பழுது.
• ஆர்.ஓ. எனும் குறி: வாசிக்க மட்டும் முடியும். எழுதற் காப்பு நழுவியைப் பார்க்க.
• எவ்வரியும் இல்லை: அட்டை செருகப்பட்டதை வாசிப்பான் உணரவே இல்லை. படி 1 இற்கும் படி 2 இற்கும் மீள்க.

இறுதியாகக் கூறியதும் ஒரு சான்றே என்பதை மறவாதீர்கள். கேர்னல் மௌனமாக இருப்பதற்கும் வழு எண் ஒன்றைக் கூறுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

7. படி 5: கோப்பு முறைமை

அட்டை எல்.எஸ்.பி.எல்.கே. பட்டியலில் சரியான கொள்ளளவுடன் இருந்தும் திறக்கவில்லையெனின், வழு பெரும்பாலும் இப்படியிலேயே உள்ளது. பி.எல்.கே.ஐ.டி. என்னும் கட்டளையைச் சூடோவுடன் இடுக. பிரிவில் உள்ள கோப்பு முறைமையின் பெயர் கிடைக்கும்.

ஃபற் 32 இல் தனியொரு கோப்பு 4 கிபிபைற்றை எட்ட முடியாது. நீண்ட காணொளிகளுக்கு இது போதாது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2006 இல் வெளியிட்ட எக்ஸ்ஃபற் இக்குறையை நீக்கியது. எஸ்.டி.எக்ஸ்.சி. அட்டைகள் அதனையே ஏற்றன. ஆனால் அதன் விவரக்குறிப்பு நெடுங்காலம் பொதுவில் வெளியிடப்படவில்லை. மைக்ரோசொஃப்ட் அதனை 2019 ஓகஸ்ற்றில் வெளியிட்டது. அதே ஆண்டு வெளியான கேர்னல் 5.4 இல் எக்ஸ்ஃபற் ஆதரவு முதன்முதலாக இடம்பெற்றது. 2020 இல் வெளியான கேர்னல் 5.7 இல் சம்சுங் நிறுவனம் எழுதிய புதிய செலுத்தி அதன் இடத்தைப் பெற்றது. முந்திய முறைமைகளில் எக்ஸ்ஃபற் ஃபியூஸ் என்னும் மென்பொருட் பொதியைத் தனியே நிறுவ வேண்டும்.

பிறிதொரு செய்தியும் அடிக்கடி தோன்றும்: "தொகுதி முறையாகக் கழற்றப்படவில்லை, தரவு பழுதடைந்திருக்கலாம், எஃப்.எஸ்.சி.கே. இயக்குக." முன்னர் யாரோ அட்டையை முறையாகக் கழற்றாது இழுத்தெடுத்ததன் விளைவு இது. எஃப்.எஸ்.சி.கே. கோப்பு முறைமையைத் திருத்தும். திருத்துதல் என்பது அட்டையில் எழுதுதலாகும். ஆகவே முதலில் பிரதி எடுத்து, அதன் பின்னரே இக்கட்டளையை இடுக.

8. தரவைக் காத்தல்

நினைவிற் கொள்க: பிரதி எடுக்கப்படாத அட்டையில் எதையும் எழுதக் கூடாது. ஃபோமற் செய்தலும், எஃப்.எஸ்.சி.கே. இடலும், அதே அட்டையில் புதிய படம் எடுத்தலும் எழுதுதலே.

(1) எழுதற் காப்பு நழுவியைப் பூட்டுக.
(2) அட்டை திறக்குமாயின் வாசிக்க மட்டுமான முறையில் ஏற்றி, கோப்புகளை வன்றட்டில் பிரதி செய்க.
(3) அட்டை திறக்காது, ஆனால் படி 4 வரை சரியாயின், டி.டி.ரெஸ்கியூ என்னும் மென்பொருளால் முழு அட்டையையும் ஒரு கோப்பாக வன்றட்டில் பிரதி எடுக்க. பழுதான பகுதிகளை இது பின்னுக்கு விட்டு, நல்ல பகுதிகளை முதலில் வாசிக்கும்.
(4) ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை அப்பிரதியின் மீது இயக்குக. அட்டையின் மீது அன்று.

பிரதி எடுக்கும் கட்டளைகளில் எது மூலம், எது இலக்கு என்பதை இருமுறை சரிபார்க்க. இரண்டும் இடம் மாறினால் அட்டை அழிந்துவிடும்.

வேலை முடிந்ததும் யூமவுண்ட் கட்டளையாலோ கோப்பு மேலாளரின் வெளியேற்றும் பொத்தானாலோ அட்டையைக் கழற்றுக. லினக்ஸ் எழுத வேண்டிய தரவைச் சிறிது நேரம் பிரதான நினைவகத்தில் வைத்திருக்கும். திரையில் பிரதி முடிந்ததாகத் தோன்றினாலும் அட்டையில் எழுதி முடிந்திருக்காது.

9. பிரச்சினைக்குத் தீர்வு

இப்போது அம்மாணவியிடம் மீள்வோம். அவள் "இல்லை" என்னும் பொத்தானை அழுத்தி அட்டையை வெளியே எடுத்தாள். எழுதற் காப்பைப் பூட்டினாள். பின் ஒவ்வொரு படியாகச் சோதித்தாள்.

படி 1: கமராவில் பதிவுகள் தெரிந்தன. அட்டை நலம்.
படி 2: ஆர்.டி.எஸ். 5229 பட்டியலில் இருந்தது.
படி 3: ஆர்.டி.எஸ்.எக்ஸ். பி.சி.ஐ. செலுத்தி பயன்பாட்டில் இருந்தது.
படி 4: எம்.எம்.சி.பி.எல்.கே.0பி1 சுமார் 59.6 எனத் தோன்றியது.
படி 5: பி.எல்.கே.ஐ.டி. எக்ஸ்ஃபற் என்றது. மவுண்ட் கட்டளை, "எக்ஸ்ஃபற் அறியப்படாத கோப்பு முறைமை வகை" என்றது.

உபுண்டு 18.04 முதலில் கேர்னல் 4.15 உடன் வெளிவந்தது. அதில் எக்ஸ்ஃபற் ஆதரவு இல்லை. எக்ஸ்ஃபற் ஃபியூஸ் பொதியை நிறுவியதும் அட்டை திறந்தது. பதிவுகள் வன்றட்டிலும் பின்னர் இறுவட்டிலும் பிரதி செய்யப்பட்டன.

விண்டோஸ் எக்ஸ்பி ஏன் ஃபோமற் செய்யக் கேட்டது? உரிய இற்றைப்படுத்தல் நிறுவப்படாத எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபற் தெரியாது. தனக்கு விளங்காத அட்டையை அது வெறுமையான அட்டையெனக் கொண்டது. கணினி "எனக்கு விளங்கவில்லை" என்பதும் "அங்கு ஒன்றுமில்லை" என்பதும் ஒன்றல்ல. ஓம் என்று அழுத்தியிருப்பின் நலமாயிருந்த அட்டையிலிருந்து, மீளப் பதிவு செய்ய முடியாத ஒரு குரல் போயிருக்கும்.

10. பொழிப்பு

• தரவுப் பாதை ஐந்து படிகளைக் கொண்டது. சோதனை வரிசையாக நடைபெற வேண்டும்.
• எல்.எஸ்.பி.சி.ஐ., எல்.எஸ்.யூ.எஸ்.பி. வாசிப்பானையும், எல்.எஸ்.பி.எல்.கே. அட்டையையும், பி.எல்.கே.ஐ.டி. கோப்பு முறைமையையும், டி.மெசேஜ் கேர்னலின் செய்திகளையும் காட்டும்.
• பிரதி எடுக்கும் வரை அட்டையில் எழுதக் கூடாது.

11. மாதிரி வினாக்கள்

பல்தேர்வு வினாக்கள்

1. எல்.எஸ்.பி.சி.ஐ. பட்டியலில் வாசிப்பான் தோன்றுகின்றது. ஆனால் செலுத்திக்குரிய வரி இல்லை. வழு எங்குள்ளது?
(1) அட்டையில் (2) பாட்டையில் (3) சாதனச் செலுத்தியில் (4) கோப்பு முறைமையில்

2. 8 கிகாபைற்று அட்டை எல்.எஸ்.பி.எல்.கே. பட்டியலில் ஏறத்தாழ எவ்வளவாகத் தோன்றும்?
(1) 6.4 (2) 7.45 (3) 8.0 (4) 8.6

3. அட்டையிலுள்ள கோப்புகளை வாசிக்க முடிகிறது. புதிய கோப்பைச் சேமிக்க முடியவில்லை. முதலில் சோதிக்க வேண்டியது யாது?
(1) பயோஸ் அமைப்பு (2) கேர்னல் பதிப்பு (3) எழுதற் காப்பு நழுவி (4) மின்சேமிப்பு

அமைப்புக் கட்டுரை வினா

4. ஒரு மாணவனின் 16 கிகாபைற்று அட்டை மடிகணினியில் திறக்கவில்லை. வேறோர் அட்டை அதே துளையில் திறக்கின்றது. டி.மெசேஜ் கட்டளை வழு எண் 110 ஐக் காட்டுகின்றது.
(அ) வாசிப்பானும் செலுத்தியும் நலமெனக் காட்டும் சான்று யாது?
(ஆ) வழு எண் 110 இன் பொருள் யாது?
(இ) அடுத்துச் செய்ய வேண்டிய இரு செயல்களை எழுதுக.
(ஈ) இந்நிலையில் ஃபோமற் செய்தல் ஏன் பொருத்தமற்றது?

விடைகள்

1. (3) வாசிப்பான் பட்டியலில் இருப்பதால் படி 2 சரி.
2. (2) 8 000 000 000 ÷ 1 073 741 824.
3. (3) வாசிக்க முடிவதால் ஐந்து படிகளும் சரி.
4. (அ) வேறோர் அட்டை அதே துளையில் திறத்தல். (ஆ) குறித்த நேரத்தினுள் அட்டை பதிலளிக்கவில்லை. (இ) தொடுகைத் தகடுகளைத் துடைத்து மீளச் செருகுதல். அட்டையைக் கமராவில் அல்லது வேறொரு வாசிப்பானில் சோதித்தல். (ஈ) அட்டை இன்னும் படி 4 ஐ எட்டவில்லை. கோப்பு முறைமையில் வழு உண்டென்பதற்குச் சான்றில்லை. அத்துடன் ஃபோமற் செய்தல் அட்டையில் எழுதுதலாகையால், பிரதி எடுக்கப்படாத தரவு இழக்கப்படலாம்.

பரீட்சையில் இத்தகைய வினாக்களுக்கு விடையளிக்கும்போது, தீர்வை மட்டும் எழுதாது அதற்கான சான்றையும் எழுதுங்கள்.